அல்சூர் ஏரியும் அமெரிக்க ஆமையும்
(ஆண்டுவிழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



குறளும் கம்பனும் முழங்கிய இம்மேடையில் நாம் ஆமையைப்பற்றிப் பேச வந்திருக்கின்றோம். ஆமை புகுந்த வீட்டைப்பற்றிய பழமொழி உங்கள் நினைவிற்கு வந்திருக்கும். அதற்காக எவரும் எழுந்து போய்விட வேண்டுவதில்லை.

நம் வீட்டிலும் ஓர் ஆமை புகுந்தது; காசு கொடுத்தே புகுத்தினோம். பெயரனின் பிறந்தநாளுக்கு வாங்கியபொழுது உள்ளங்கையில் அடங்கும் பச்சைநிறக் குஞ்சு அது. கண்ணுக்குப் பின்னே குங்குமம் இட்டாற்போல் ஒரு செங்கீற்று. “இதற்குமேல் வளராது, ஐயா” என்றார் கடைக்காரர். மூன்றே ஆண்டுகளில் அது சாப்பாட்டுத் தட்டளவு ஆயிற்று. கண்ணாடித் தொட்டி நாறிற்று. வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அதனை வாளியில் இட்டுக்கொண்டு பெயரனுடன் ஏரிக்கரைக்குச் சென்றோம். ஓர் உயிருக்கு விடுதலை தருகின்றோம் என்ற பெருமிதமும் நமக்கு இருந்தது என்பதை மறைப்பானேன்?

கரையில் பெயரன் கேட்டான்: “தாத்தா, இதற்கு இந்த ஏரி சொந்த ஊரா?” விடை தெரியவில்லை. வாளியோடு திரும்பிவிட்டோம். அதன் பின்னரே படித்தறிந்தோம்.

இதன் சொந்த ஊர் வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. ‘ரெட் இயர்டு ஸ்லைடர்’ என்பர். செங்காது ஆமை எனலாம். முப்பது ஆண்டும் வாழக்கூடியது. பாசி, பூச்சி, மீன், தவளை எதையும் விடாது. உலகின் மிகக் கொடிய நூறு அயல் ஊடுருவிகளின் பட்டியலில் இதுவும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இலேயே இதன் இறக்குமதியைத் தடுத்தது. நம் நாட்டில், 2018-இல் கேரளத்துத் திருச்சூரை அடுத்த கால்வாய் ஒன்றிலும் இது கண்டெடுக்கப்பட்டது. நம்முடைய பாலாமையும் காராமையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் காப்பில் இருப்பவை. அவற்றை வளர்த்தல் குற்றம். அதனாலேயே கடைகளில் அயல்நாட்டு ஆமை மலிந்தது போலும்.

குழந்தையுள்ள வீட்டார் இன்னொன்றும் அறிதல் வேண்டும். ஆமையின் மேனியில் சால்மொனெல்லா என்னும் கிருமி தங்கும். நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைக்குஞ்சுகளின் விற்பனையை, சிறுவர் நோயுறுவது கண்டு, அமெரிக்கா 1975-இல் தடை செய்தது. தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுதல் கட்டாயம்.

அவர்கள் ஆமை இங்கே வந்ததுபோல, நம் பக்கத்துப் பாம்பு அங்கே போயிருக்கிறது! வடகிழக்கு இந்தியாவிலும் பர்மாவிலும் வாழும் பெரும் மலைப்பாம்பினை வளர்ப்பதற்கென்று வாங்கிய அமெரிக்கர், அது பெருத்ததும் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விட்டனர். அங்கே ரக்கூன் முதலிய விலங்குகள் பல இடங்களில் ஏறத்தாழ அற்றுப்போயின. 2016-இல் போட்டி வைத்து, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டு தேடியும் பிடிபட்டவை 106 பாம்புகளே. மறு ஆண்டு, செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் வரவழைத்தனர். இரு வாரத்திற்குள் பதின்மூன்று பாம்புகளைப் பிடித்துக்காட்டினர் அவ்விருவரும். அவற்றுள் ஒன்று பதினாறு அடி! 2023-இல் இருவரும் பத்மஸ்ரீ பெற்றனர். தமிழர் என்ற முறையில் நெஞ்சு நிமிர்கின்றது. எனினும், அல்சூர் ஏரியில் ஆமை பெருகினால் எந்த நாட்டு இருளரை அழைப்பது?

நம் ஏரியின் நிலை உங்களுக்குத் தெரியும். 2016 மார்ச்சில் மீன்கள் செத்து மிதந்ததைக் கரையில் நின்று கண்டவர்கள் இங்கேயே பலர் இருக்கின்றீர்கள். கன்டோன்மென்ட் எழுந்த காலந்தொட்டு நம் முன்னோர் பிழைக்க வந்து குடியேறிய கரை இது. நாமும் வந்தேறிகள்தாமே என்று நண்பர் ஒருவர் சிரித்தார். உண்மையே, ஆயினும் நாம் ஏரித் தவளைகளைத் தின்று தீர்க்கவில்லை!

நம் ஆமை இப்பொழுது மொட்டைமாடியில் பெரிய சிமெண்டுத் தொட்டியில் இருக்கின்றது. ஞாயிறுதோறும் நீர் மாற்றுவது பெயரனின் கடமை. ஆயுட்கணக்குப் பார்த்தால் நமக்குப் பின்னும் அவன் அதனைச் செய்யவேண்டி வரும். அதனை அவனிடம் சொல்லியும் விட்டோம். இக்குடியிருப்பில் இன்னும் சில வீடுகளில் இத்தகைய ஆமைகள் உள்ளன என்று கேள்வி. வைத்துக்கொள்ள இயலாதவர்கள் இருள்நேரத்தில் வாளியுடன் ஏரிக்குப் போகாமல் நம்மிடம் சொல்லுங்கள். தொட்டியில் இன்னும் இரண்டிற்கு இடமிருக்கின்றது. அதற்கு மேலானால், சங்கக் கட்டடத்தின் பின்புறம் ஒரு தொட்டி கட்டப் பொருளாளர் இசைவாரா என்று இந்த அவையிலேயே கேட்டுவைக்கின்றோம்.