வயிறு நிறையச் சாப்பிட்டே எடையைக் குறைக்கலாம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு வங்கிக் கடன், தவணை பற்றிப் பேசப் போவதில்லை. நம்ம சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். காரணம் இருக்கு. போன மாதம் தீர்மான நோட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரு குழுவில் 3 பேருக்கு உள்கடன் எழுதியிருந்தது. என்ன காரணம் என்று பார்த்தால் "மருத்துவச் செலவு". விசாரித்ததில், உடம்பு இளைக்கிற பவுடர் வாங்கத்தான் அந்தக் கடன் என்று தெரிந்தது. ஒரு டப்பா நாலாயிரம் ரூபாய்க்கு மேலே. காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதிலாக அதைக் கலக்கிக் குடிக்கணுமாம். அதே ஊரில் இன்னொரு சகோதரி, பவுடர் வாங்கக் காசில்லாமல், காலைச் சாப்பாட்டையும் இரவுச் சாப்பாட்டையும் சும்மாவே நிறுத்தி விட்டார். பதினைந்தாம் நாள் களை எடுக்கிற இடத்தில் மயங்கி விழுந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.

யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. எடையைக் குறைக்கணும் என்று நினைத்தது சரிதான். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் இது 31 ஆக இருந்தது. ஆனால் அதே 2019-21 ஆய்வில் 100க்கு 53 பெண்களுக்கு ரத்தசோகை. இரண்டையும் சேர்த்துப் பாருங்க. உடம்பு பருமனாகவும் இருக்கு, ரத்தமும் குறைவாக இருக்கு. அப்படின்னா நம்ம வயிற்றுக்குள் போவது அளவில் அதிகம், சத்தில் குறைவு. இதற்கு மருந்து பட்டினி கிடையாது.

இப்போ கலோரி என்றால் என்னவென்று பார்ப்போம். சாப்பாட்டில் இருக்கிற சக்தியின் அளவுதான் கலோரி. நம்ம குழு நோட்டில் வரவு, செலவு எழுதுகிற மாதிரிதான் இதுவும். சாப்பிடுவது வரவு, வேலை செய்வது செலவு. வரவு மிஞ்சினால் இடுப்பிலே சேமிப்பு. (சிரிப்பு) இந்தச் சேமிப்புக்கு மட்டும் வட்டி நாமதான் கட்டணும்.

55 கிலோ எடையுள்ள ஒரு பெண், உட்கார்ந்த இடத்தில் வேலை பார்ப்பவராக இருந்தால் ஒரு நாளைக்கு 1,660 கலோரி போதும் என்றும், நம்ம மாதிரி ஓடியாடி வேலை செய்பவர் என்றால் 2,130 கலோரி வேண்டும் என்றும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் சொல்லியிருக்கிறது. எடை குறையணும் என்றால் இதிலிருந்து ஒரு 500 குறைத்தால் போதும். மெல்ல மெல்ல, வாரத்துக்கு அரைக் கிலோ அளவுக்குக் குறையும். ஆயிரத்து இருநூறுக்குக் கீழே டாக்டர் சொல்லாமல் யாரும் போகக் கூடாது.

நம்ம உறுப்பினர்கள் சிலர் போன தடவை சென்னைக்கு, வள்ளுவர் கோட்டம் பக்கத்தில் இருக்கிற அன்னை தெரசா மகளிர் வளாகத்துக்குக் கடை போடப் போனோம் இல்லையா? திரும்பும்போது தி.நகரில் இறங்கினோம். ரங்கநாதன் தெருவில் நடந்ததற்குப் பசி வந்தது, நியாயம்தான். பூரி ஒரு செட்டு, ரெண்டு பஜ்ஜி, சர்க்கரை தூக்கலா ஒரு லெமன் ஜூஸ். அன்றைக்கு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து நான் கணக்குப் போட்டேன். மூன்று பூரி மசாலாவோடு சுமார் 450, பஜ்ஜி 200, ஜூஸில் போட்ட சர்க்கரை மட்டும் 80. ஒரு மணி நேரத்தில் 700 கலோரிக்கு மேலே. ஆனால் ரயில் ஏறும்போது எல்லாருக்கும் திரும்பப் பசி! எண்ணெயும் மைதாவும் சர்க்கரையும் அப்படித்தான். கணக்கில் ஏறும், வயிற்றில் நிற்காது.

அடுத்த நாள் மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைகளைப் பார்த்தோம். வாழைத்தண்டு, வாழைப்பூ, கோவைக்காய், சுண்டைக்காய், முருங்கைக்கீரை, பிரண்டை. "இதெல்லாம் நம்ம வேலியிலேயே கிடக்குதே, இதுக்கா இவ்வளவு விலை?" என்று ஒரு அக்கா கேட்டார். வேலியில் கிடப்பதை நாம பறிப்பதில்லை என்பதுதான் விஷயம்.

இன்னொன்று. நம்ம உறுப்பினர் ஒருவரின் தங்கச்சி பெசன்ட் நகரில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறார். அந்த வீட்டு அம்மா எடை குறைக்கிறார்களாம். அரிசியைத் தராசில் நிறுத்து, எண்ணெயை ஸ்பூனில் அளந்து, காலையில் ஒரு பழம், சாயங்காலம் சுண்டல் என்று எல்லாம் இந்தப் பெண்தான் செய்து கொடுக்கிறார். யாருக்கு எத்தனை கலோரி என்று இவருக்கு மனப்பாடம். ஆனால் இவர் சாப்பிடுவது மூன்று மணிக்கு, மிஞ்சின சோறும் குழம்பும், நின்னுகிட்டே. ஊருக்கு வந்தபோது "உங்க கணக்கு என்ன தங்கச்சி?" என்று கேட்டேன். "எனக்கெல்லாம் என்ன கணக்கு மேடம்" என்றார். நம்ம எல்லார் வீட்டிலும் இதே கதைதான். புருஷன், பிள்ளைகள், மாமியார் சாப்பிட்ட பிறகு, காய் தீர்ந்திருக்கும், சோறு மட்டும் இருக்கும். கடைசியாகச் சாப்பிடுகிறவர் தட்டில் சோறுதான் மலையாக இருக்கும்.

சென்னையில் 2001 முதல் நடந்த 'க்யூர்ஸ்' என்ற பெரிய ஆய்வில் 26,001 பேரைச் சேர்த்தார்கள். கோபாலபுரத்தில் உள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்தியது. அதில் ஒரு பகுதியினரின் சாப்பாட்டை விவரமாக எடுத்துப் பார்த்ததில், ஒருவருக்குக் கிடைக்கிற கலோரியில் ஏறக்குறைய பாதி, தீட்டின தானியத்திலிருந்து, முக்கியமாக வெள்ளை அரிசியிலிருந்து வந்தது. அப்படி அதிகம் சாப்பிட்டவர்களிடம் சர்க்கரை நோய் அதிகமாக இருந்தது. பட்டணத்துக் கணக்கே இப்படி. ரேஷனில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசமாக வாங்குகிற நம்ம வீட்டுத் தட்டு எப்படி இருக்கும் என்று நீங்களே சொல்லுங்க.

அதே நிறுவனமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து சென்னையில் இன்னொரு ஆய்வு செய்தார்கள். 2016ல் முடிவு வெளியானது. இதை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ளணும், ஏனென்றால் அது கிட்டத்தட்ட நம்ம குழுக் கூட்டம் மாதிரியே நடந்தது. எடை கூடியவர்கள், சர்க்கரை நோய் வருகிற எல்லையில் இருப்பவர்கள் என்று 578 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். மற்றப் பாதிப் பேருக்கு வாரா வாரம் வகுப்பு, ஆறு மாதம். என்ன சாப்பிடுவது, எவ்வளவு, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது, எடையில் 100க்கு 7 பங்கு குறைப்பது என்று பாடம். நாலு மாதத்துக்குப் பிறகும் சர்க்கரை இறங்காதவர்களுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் கொடுத்தார்கள், அதையும் மறைக்காமல் சொல்லணும். மூன்று வருடத்தில், வகுப்புக்கு வராதவர்களில் 100க்கு 35 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. வகுப்புக்கு வந்தவர்களில் 100க்கு 26 பேருக்கு. அங்கே பவுடர் கிடையாது. அவங்கவங்க வீட்டுச் சாப்பாடுதான்.

நூற்றுக்கு ஏழு என்றால் எவ்வளவு? 68 கிலோ இருப்பவருக்கு 5 கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான். சினிமாக்காரங்க மாதிரி ஆகணும் என்று யாரும் கேட்கவில்லை. 5 அடி உயரம் உள்ள பெண்ணுக்கு 53 கிலோ வரை சரியான எடை, 58க்கு மேல் போனால் பருமன். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள், அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்குள் இருக்கணும். தையல் டேப் எல்லார் வீட்டிலும் இருக்கு.

பவுடர் பற்றி என் கருத்தைக் கேட்டால்: குடிப்பவர்களுக்கு எடை குறைவது உண்மைதான். ரெண்டு வேளைச் சாப்பாட்டை நிறுத்தினால் யாருக்கும் குறையும். பவுடரை நிறுத்தி, பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் எடையும் திரும்பும். கடன் மட்டும் அப்படியே நிற்கும். அந்த 3 பேரும் என்னோடு பேசிவிட்டுத்தான் முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். முடிவு குழுவுடையது.

சரி, என்ன சாப்பிடுவது? ஒரு நாள் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். எழுதிக்கொள்ளுங்க.

காலையில் ஒரு டீ, ஒரு ஸ்பூன் சர்க்கரை, 90. பிறகு இட்லி மூணு, காய் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம், தேங்காய்ச் சட்னி ரெண்டு ஸ்பூன், எல்லாம் சேர்த்து 350. பதினோரு மணிக்குக் கொல்லையில் வெயில் ஏறும்போது ஒரு டம்ளர் மோர், ஒரு கொய்யாப்பழம், 80. மதியம் அரை டம்ளர் அரிசியில் வடித்த சோறு, கீரைக் கூட்டு, ஒரு காய்ப் பொரியல், ரசம், ஒரு அவித்த முட்டை, மொத்தம் 640. சாயங்காலம் ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டல், டீ, 200. இரவு சப்பாத்தி ரெண்டு, காய்கறிக் குருமா, 300. கூட்டிப் பாருங்க, 1,660. ஓடியாடி வேலை செய்பவருக்குத் தேவையான 2,130லிருந்து ஏறக்குறைய 500 குறைந்துவிட்டது. ஆறு தடவை சாப்பிட்டாச்சு! இதில் யாருக்காவது பசிக்குமா?

(ஒரு சகோதரி: "அரை டம்ளர் அரிசி பத்தாது மேடம்!")

பத்தாதுதான், சோறு மட்டும் என்றால். 200 மில்லி டம்ளர் நிறைய அரிசி எடுத்தால் அதுவே சுமார் 580 கலோரி. நாம ஒரு வேளைக்கு அதைச் சாப்பிடுகிறோம். பாதியாக்கிவிட்டு, அந்த இடத்தில் காயை வையுங்க. தட்டில் பாதி காயும் கீரையும் இருக்கணும். ஊறுகாய் மாதிரி தொட்டுக்க வைக்கிற காய் கணக்கில் வராது. ஒரு மெதுவடை சுமார் 100 கலோரி, ரெண்டு வாயில் போயிடும். அதே 100 கலோரிக்குக் கால் கிலோவுக்கு மேலே புடலங்காயை ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்துப் பொரியல் செய்யலாம். அதை ஒரே ஆள் சாப்பிட்டு முடிப்பதே கஷ்டம். அதுக்காக வடையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை ஒண்ணு சாப்பிடுங்க, ஆசையாகச் சாப்பிடுங்க, அன்றைக்கு ஒரு இட்லியைக் குறைச்சுக்குங்க. ஆசையை அடக்கி அடக்கி வைத்தால் ஒரு நாள் கல்யாண வீட்டில் மொத்தமாகத் தீர்த்துவிடுவோம்.

எண்ணெய்தான் கண்ணுக்குத் தெரியாமல் ஏறுகிற கணக்கு. ஒரு டீஸ்பூன் 45 கலோரி. எடை குறைக்கிற வீட்டில் ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்க. நாலு பேர் என்றால் ரெண்டு லிட்டர். பாட்டிலில் இருந்து அப்படியே சாய்க்காமல் ஸ்பூனில் எடுத்தால் முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரியும்.

தினமும் ஒரே சாப்பாடு வேண்டாம். இன்றைக்கு முட்டை என்றால் நாளைக்கு நெத்திலி மீன் குழம்பு, மறுநாள் பச்சைப்பயறு. சைவக்காரங்க பருப்பு, பயறு, தயிர் என்று மாத்திக்கலாம். இரவில் சப்பாத்திக்குப் பதில் கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை போட்டு. சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை: 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்த பிறகு அடையாறு கடைகளில் எல்லாம் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். நல்லதுதான், நம்ம குழுப் பெண்கள் செய்கிற சத்துமாவுக்கும் கிராக்கி. ஆனால் கேழ்வரகு தின்றால் தானாக எடை குறையும் என்று நம்பாதீங்க. 100 கிராம் அரிசியில் 350 கலோரி என்றால் கேழ்வரகில் 320. பெரிய வித்தியாசம் இல்லை. நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அதிகம், பசி தாங்கும், அதுதான் அதன் பெருமை. அளவு அதற்கும் உண்டு.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்கள் எடை குறைக்கிற பேச்சே எடுக்கக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும், ஆபத்து. டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்க. தைராய்டு இருக்கிறவர்களும் அப்படித்தான். ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீங்க, எலுமிச்சைச் சாறோடு போடுங்க.

வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிற பழக்கம் உடனே மாறாது என்று எனக்குத் தெரியும். குறைந்தது உங்க பங்குக் காயை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்க. மாமியார் கேட்டால் மேடம் சொன்னாங்கன்னு என் பேரைச் சொல்லுங்க, நான் வந்து பேசிக்கிறேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடை பார்க்கிற மெஷினும் டேப்பும் கொண்டு வருகிறேன். அதுவரை ஒரு வாரம் மட்டும், சேமிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்ன சாப்பிட்டீங்கன்னு எழுதிக்கிட்டு வாங்க. எழுதத் தெரியாதவங்க பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்க. சாயங்கால முறுக்கையும் விடாம எழுதணும்.