தமிழ் தெரியாமல் தமிழ்ப்படம் எடுத்தவர்

(நம் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் ‘மீரா’ படம் திரையிடுவதற்கு முன் ஆற்றிய உரை)

முன்வரிசையில் உள்ள குழந்தைகள் படம் தொடங்கும் முன்பே பாப்கார்னை முடித்துவிட்டார்கள். ஆகவே சுருக்கமாகவே பேசுகிறேன்.

இப்போது நீங்கள் பார்க்கப்போகும் ‘மீரா’ 1945-ல் வந்த படம். எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்தது. பெரியவர்கள் பலருக்கு இதன் பாட்டுகள் மனப்பாடம். ஆனால் இயக்கியவர் யார் என்று கேட்டால் யோசிப்போம். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் அவர். தமிழ் பேசத் தெரியாதவர்.

டங்கன் 1909-ல் ஒஹையோ மாநிலத்தில் பார்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். கலிபோர்னியாவில் சினிமா படித்தபோது அவருடன் படித்தவர் மாணிக் லால் டாண்டன். அந்த நண்பர் கூப்பிட்டார் என்பதற்காக 1935-ல் இந்தியா வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். இருந்ததோ ஏறக்குறைய 15 வருடம். நம் பகுதியில் ஆறு மாத புராஜெக்ட் என்று வந்து, வீடே வாங்கிவிட்ட சிலர் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது புரியும்!

அவருடைய முதல் தமிழ்ப்படம் 1936-ல் வந்த ‘சதி லீலாவதி’. எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை; குடியால் கெட்டுப்போன ஒருவன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாக ஓடும் கதை. அதில் சிறிய போலீஸ் வேடத்தில் ஒரு புதுமுகம் நடித்தார். அவர்தான் எம்.ஜி.ஆர். 14 வருடம் கழித்து, மு. கருணாநிதி வசனம் எழுதிய ‘மந்திரி குமாரி’யில் அதே எம்.ஜி.ஆர். கதாநாயகன். அதை இயக்கத் தொடங்கியவரும் டங்கன்தான்; அவர் விட்டுச்சென்ற பகுதியை மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் முடித்தார். நடுவில் பாகவதரின் ‘அம்பிகாபதி’, எம்.எஸ்.ஸும் ஜி.என்.பி.யும் நடித்த ‘சகுந்தலை’ எல்லாம் உண்டு.

அன்றைய படங்கள் பெரும்பாலும் மேடை நாடகத்தை அப்படியே படம் பிடித்தவை. டங்கன் கேமராவை நகர்த்தினார், நடிப்பின் சத்தத்தைக் குறைத்தார். ‘மீரா’வுக்காக எம்.எஸ். முகத்தைச் சிலையாகச் செய்துவைத்து, எந்தக் கோணத்தில் எந்த விளக்கு பொருந்தும் என்று ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியுடன் முன்கூட்டியே சோதித்தார். பாடிக்கொண்டிருக்கும் குழந்தை மீரா அதே பாட்டிலேயே வளர்ந்து எம்.எஸ். ஆகும் இடம் வரும், கவனித்துப் பாருங்கள்.

‘கலைக்கு மொழி தேவையில்லை’ என்று இங்கே சொல்லி முடித்துவிடலாம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது முழு உண்மை இல்லை. டங்கனுக்கு மொழி தேவைப்பட்டது. வசனத்தை ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். தமிழ் அறிந்த உதவியாளர்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். நடிகர் சொன்னது சரியா என்று அவர்களைக் கேட்டார். அந்த உதவியாளர்கள் இல்லையென்றால் டங்கனும் இல்லை. அப்படியும் எல்லாம் சரியாக அமைந்துவிடவில்லை. 1950-ல் வந்த ‘பொன்முடி’யின் காதல் காட்சிகளுக்குக் கண்டனம் கிளம்பியது. ஊரின் வார்த்தையை மொழிபெயர்த்துக் கொடுக்கலாம். ஊர் எதைப் பொறுக்கும் என்பதை மொழிபெயர்ப்பது கடினம்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? போன மாதம் எங்கள் பிளாக் லிஃப்ட் பாதியில் நின்றது. உள்ளே ஒரு கொரியச் சிறுவன். வெளியே அவன் அம்மா. கீழே காவலுக்கு இருந்தவர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். நானோ தமிழும் ஆங்கிலமும் மட்டும் தெரிந்தவன். நான்கு பேரும் பேசினோம், ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. சாவி எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவே பத்து நிமிடம் ஆனது. பையன் பத்திரமாக வந்துவிட்டான். தீ விபத்தாக இருந்திருந்தால்?

ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் இன்று பல மொழிகள் வாழும் இடம். ஆலையில் இதற்கென்று ஆள் வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் சிரித்துத் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். இந்தி, ஒடியா, வங்காளம், கொரியன், ஜப்பான் மொழி என எது தெரிந்தாலும், உங்கள் பெயரையும் வீட்டு எண்ணையும் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். அவசர அறிவிப்புப் பலகைகளை அந்த மொழிகளிலும் எழுதித் தாருங்கள். டங்கனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் செய்த வேலைதான் இது. அவர்கள் பெயர் நமக்கு நினைவில்லை. ஆனால் படம் இன்றும் ஓடுகிறது.

டங்கன் 1950-ல் ஊர் திரும்பி ஆவணப்படங்கள் எடுத்தார், 2001-ல் காலமானார்.

விளக்கை அணைக்கலாம். கைபேசியையும் கொஞ்சம் அணைத்துவிடுங்கள்.