பாட்டின் பெயர் சொன்னவர்கள்

தமிழ்த் திரையுலகில் மக்கள் தொடர்பாளர் என்ற தொழிலுக்கு முதல் அடையாளம் 1958 இல் வந்த ‘நாடோடி மன்னன்’. அந்தப் பணிக்காக அதில் பெயர் பெற்றவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். படங்களும் செய்திகளும் அவர் வழியே பத்திரிகைகளுக்குப் போயின. பாட்டுக்காக அதே வேலையைச் செய்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள். அவர்களை அறிவிப்பாளர் என்றுதான் ஊர் அழைத்தது.

இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் 1952 இல் பொறுப்பேற்றபின் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஓரங்கட்டப்பட்டன. 1957 இல் விவித பாரதி தொடங்கும் வரை அந்த இடைவெளியை இலங்கை வானொலியின் வர்த்தக சேவை நிரப்பியது. சிற்றலையில் எஸ். பி. மயில்வாகனன் பேசிய தமிழை இராமேசுவரத்துக்கு அப்பாலும் கேட்டார்கள். பாட்டு ஒலிக்குமுன் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று பெயர் சொல்லும் வழக்கம் அங்கே வேரூன்றியது. முகம் தெரியாத கவிஞர்களும் பின்னணிப் பாடகர்களும் வீட்டு மனிதர்களானது அப்படித்தான்.

அதே வானொலியில் விளம்பரத்தையே கலையாக்கியவர் கே. எஸ். ராஜா. ‘திரை விருந்து’ நிகழ்ச்சியில் தாம் ஒரு கேள்வி கேட்பார். பதிலாகப் படத்தின் வசனத் துண்டு வந்து விழும். அடுத்த நொடி பாட்டு. கதை முடிச்சை மட்டும் அவிழ்க்கமாட்டார். அந்த மின்னல் வேகத்திலும் ஒரு சொல்கூடச் சிதையாது. எத்தனையோ பேர் போலச் செய்து பார்த்தார்கள். அந்தத் தெளிவு கைகூடவில்லை. 1994 இல் அவர் கொழும்பில் கொல்லப்பட்டார். தமிழ் ஒலிபரப்புக்கு அது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

பி. எச். அப்துல் ஹமீதின் வழி வேறு, நிதானமானது. ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியில் கேட்டுக்கொண்டிருந்தவரையே அவர் பாட வைத்தார். பல்லவி மட்டும் தெரிந்தவர்கள் சரணத்தையும் தேடிப் படித்தார்கள். பின்னாளில் அதே நிகழ்ச்சி தமிழகத் தொலைக்காட்சிக்கும் போனது. தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவரின் உச்சரிப்பை உலகத் தமிழர் அளவுகோலாக ஏற்றார்கள் என்பது இலங்கைக் கரைக்குப் பெருமை.

ஆயினும் ஒரு குறை உண்டு. சென்னைப் பாட்டுக்குக் கிடைத்த இந்த உழைப்பில் சிறு பங்கே இலங்கை மெல்லிசைக்குக் கிடைத்தது. இலங்கையின் கிழக்கில் பாடப்படும் கிராமியக் கவிக்கு அதுவும் இல்லை. வயலில் பாடிய கவியும் பொல்லடிப் பாட்டும் பாடியவர் பெயரின்றியே கைமாறி வந்தன.

அந்தக் கிழக்கில், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று இறக்காமம் போன்ற ஊர்களுக்குத் திரும்புவோரின் கையில் இன்று ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. அந்தக் கவி தெரிந்த உம்மம்மாக்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் பாட்டைப் பதிவு செய்யுங்கள். பாட்டுக்கு முன்னால் அவர்களின் பெயரைச் சொல்லுங்கள்.