கண்ணைக் கட்டி ஆடும் ஆட்டம்



இங்கிலாந்தில் குழந்தைகளின் விருந்துகளில் நெடுங்காலமாக ஆடப்பட்டு வரும் ஆட்டம் ஒன்று உண்டு. ஒருவனுடைய கண்ணைத் துணியால் கட்டி, அவனைச் சில முறை சுழற்றிவிட்டு மற்றவர்கள் விலகி ஓடுவார்கள். அவன் தட்டுத் தடவி யாரைப் பிடிக்கிறானோ, அடுத்துக் கட்டு அவர் கண்ணுக்கு. நம் கண்ணாமூச்சிக்கு இதனை உடன்பிறப்பு எனலாம். ஆங்கிலேயர் இதற்கு இட்ட பெயர் ‘பிளைண்ட் மேன்ஸ் பஃப்’. ‘பிளைண்ட் மேன்’ என்றால் பார்வையற்றவன் என்பதை நீங்கள் அறிவீர்கள். ‘பஃப்’ என்பதற்கு அடி, குத்து என்பது பழைய பொருள். அடியே இல்லாத ஆட்டத்துக்கு அடி என்று பெயர் வருவானேன்?

ஆக்ஸ்போர்டு நகரத்துப் பாட்லியன் நூலகத்தில், அலெக்சாந்தரின் கதையைக் கூறும் 14ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து நூல் ஒன்று இருக்கிறது. அதன் பக்க ஓரங்களில் அக்கால விளையாட்டுகளைத் தீட்டியிருக்கிறார்கள். அவற்றுள் ஒரு காட்சியில், தலைமூடி ஒருவனுடைய முகத்தை மறைத்திருக்கிறது. மற்றவர்கள் தங்கள் தலைமூடிகளைக் கழற்றி முடிச்சிட்டு அவனை அடிக்க நிற்கிறார்கள். பெயரில் உள்ள அடி இதுதான்.

இன்னும் பின்னே செல்வோம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் ஆசிரியராக விளங்கிய போலக்ஸ் என்பவர், தாம் தொகுத்த சொற்களஞ்சியத்தில் கிரேக்கச் சிறுவர்களின் ஆட்டங்களையும் விளக்கியுள்ளார். அவற்றுள் ஒன்றின் பெயர் ‘வெண்கல ஈ’. கண் கட்டப்பட்ட சிறுவன், வெண்கல ஈயை வேட்டையாடப் போவதாகக் கூவிக்கொண்டு சுழல்வான். வேட்டையாடலாம், பிடிக்க முடியாது என்று மற்றவர்கள் மறுமொழி கூறி, ஒருவன் அகப்படும் வரையில் பாப்பிரஸ் நாரால் ஆன சவுக்குகளால் அவனை அடிப்பார்கள். இத்தாலியக் குழந்தைகள் இந்த ஆட்டத்தை இன்றும் ‘குருட்டு ஈ’ என்றே அழைக்கிறார்கள். ஸ்பெயினில் அது ‘குருட்டுக் கோழி’. ஜெர்மனியில் ‘குருட்டுப் பசு’!

பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் ஒரு வீரனுடைய பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். கோலன் மயார் என்பவன் 10ஆம் நூற்றாண்டில் போர்க்களத்தில் கண்களை இழந்த பின்னும் நாற்புறமும் தாக்கிக்கொண்டு போரிட்டானாம்; அவனால்தான் ஆட்டம் தோன்றியதாம். கதை சுவையானது. ஆயினும், அந்த வீரனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கிரேக்கச் சிறுவர்கள் ஆடிவிட்டார்களே! தோற்றத்தைத் தேடுவோர் அழகிய கதையைக் காட்டிலும் அகராதியை நம்புவதே நன்று என்பது என் கருத்து.

இதனைக் குழந்தைகளுக்கே உரியதாக எண்ணியதும் பிற்கால வழக்கந்தான். 1664 டிசம்பர் 26 அன்று தம் மனைவியும் வீட்டாரும் இதனை ஆடிக்கொண்டிருக்க, தாம் உறங்கச் சென்றதை லண்டன் நகரத்துச் சாமுவேல் பீப்ஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1788ஆம் ஆண்டில் ஸ்பானிய ஓவியர் கோயா தீட்டியதும் பெரியவர்களின் ஆட்டத்தையே. மாட்ரிட் நகரத்துப் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியத்தில், ஆணும் பெண்ணும் கைகோத்து வட்டமாக நிற்கிறார்கள். சவுக்கு எவர் கையிலும் இல்லை. நடுவில் கண் கட்டப்பட்டவன் நீண்ட மரக்கரண்டி ஒன்றை நீட்டித் துழாவுகிறான். வட்டத்தில் உள்ள ஒருவர் உடலை வளைத்து அதற்குத் தப்புகிறார்.