நூலகத்தின் சாவி யார் கையில்?

(சேரப்பணஞ்சேரியில் மாணவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிஞர் என்று அறிமுகப்படுத்தினார்கள். கவிதை சோறு போடுவதில்லை. போடுவது வங்கி கிளார்க் வேலை. சேர்ந்த முதல் நாளே ஒரு தோழர் சங்கப் படிவத்தை நீட்டினார். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அதன்பின் என் சம்பளத்துக்காக நான் யார் முன்னாலும் போய் நின்றதில்லை. 1966இல் வங்கி ஊழியர் சங்கங்கள் நிர்வாகங்களோடு முதல் இருதரப்பு ஒப்பந்தம் போட்டன. அந்த வழியில்தான் இன்றும் எங்கள் ஊதியம் முடிவாகிறது. பேச்சுவார்த்தை மேசையில் எங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. அது இல்லாதவர்களைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

என்னை ஆளாக்கியது ஒரு ஊர்ப்புற நூலகம். அது ஊர்த்தெருவில் இருந்தது. சேரிப் பிள்ளைகள் நாங்கள் வாசல்படியில் நின்று பேப்பரை எட்டிப் பார்ப்போம். புதிதாக வந்த நூலகர் அக்கா ஒருநாள், "ஏன்டா வெளியில நிக்கறீங்க? இது எவன் வீட்டுச் சொத்து? உள்ள வாங்க" என்றார். உள்ளே இருந்த பெரியவர்கள் முறைத்தார்கள். அக்கா பதிவேட்டைத் திறந்து எங்கள் பெயர்களை எழுதினார். என் பெயரை அரசாங்க நோட்டில் மரியாதையாக எழுதிய முதல் கை அது.

வருடங்கள் கழித்து அவர் என் கவுண்டருக்கே வந்தார். பாஸ்புக்கைப் பதிந்து கொடுத்தேன். தொகையைப் பார்த்தபின் என்னால் தலை நிமிர முடியவில்லை. கூட்டுவது, தண்ணீர் வைப்பது, புத்தகக் கட்டு சுமப்பது, உறுப்பினர் சேர்ப்பது எல்லாம் அவர் ஒருவரே.

"சங்கம் இல்லையாக்கா?"

"இருக்குது தம்பி. ஆனா ஊருக்கு ஒருத்தி நாங்க. பக்கத்து லைப்ரரிக்காரி முகத்தையே எப்பவாவது மீட்டிங்லதான் பாக்கறேன். வாயத் தொறந்தா மாத்திடுவாங்களோன்னு பயம்."

சிக்கல் இதில்தான் இருக்கிறது. இந்த ஒரகடம் பக்கம் ஒரே கூரையின்கீழ் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். நூலகரோ தனி ஆள். தனி ஆள் மனுதான் போட முடியும்.

விடுதலைக்குப்பின் நாட்டிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் வந்தது நம் மாகாணத்தில், 1948இல். வீட்டுவரியோடு நூலக வரியும் வசூலிக்கிறார்கள், ரூபாய்க்குப் பத்துப் பைசா. சேரியில் ஓட்டு வீட்டுக்கு வரி கட்டுகிறவரும் அதைக் கட்டுகிறார். மாநிலத்தில் சுமார் 1,900 ஊர்ப்புற நூலகங்கள் உண்டு. அங்கே தொகுப்பூதியத்தில் ஆள் எடுத்தார்கள். பிறகு சிறப்புக் காலமுறை ஊதியம் என்றார்கள். முறையான காலமுறை ஊதியம் கேட்டு நூலகர்கள் பல ஆண்டுகள் மனுக் கொடுத்தார்கள், தர்ணா இருந்தார்கள். மனுக் கொடுப்பது வேறு, எதிரே உட்கார்ந்து பேசுவது வேறு. அரசு வேலையில் இன்னொரு பயமும் உண்டு. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1,70,000 பேரை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்று ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் சொன்னது.

அந்த நாற்காலிக்காகத்தான் 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே உட்கார்ந்தார்கள். கூலி மட்டுமா பிரச்சினை? கம்பெனி பெயர் சங்கத்தின் பெயரில் இருக்கக்கூடாதாம்! உயர்நீதிமன்றம்வரை போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. இந்த அங்கீகாரத்தின் அருமை அண்ணலுக்குத் தெரியும். தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது, முதலாளி சங்கத்தை அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று 1943இல் மசோதா கொண்டுவந்தார். 1947இல் அப்படியொரு திருத்தம் நிறைவேறியும் அது நடைமுறைக்கே வரவில்லை.

அமெரிக்காவைச் சேர்ந்த கார்னகி என்ற எஃகு முதலாளி 2,500க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். அவர் கம்பெனியே 1892இல் ஹோம்ஸ்டெட் ஆலையில் தொழிற்சங்கத்தை உடைத்தது. பன்னிரண்டு மணிநேரம் உலையில் வெந்தவன் எப்போது படிப்பான்? 2019இல் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி நூலக ஊழியர்கள் வாக்களித்துச் சங்கம் சேர்ந்தார்கள். எந்தச் சங்கத்தில்? எஃகுத் தொழிலாளர் சங்கத்தில்! அங்கே அது முடிந்தால், கார் செய்கிறவரும் புத்தகம் கொடுக்கிறவரும் இங்கே ஏன் ஒன்றாக உட்காரக் கூடாது?

ஆனால் சங்கம் என்றதும் நாம் மயங்கிவிடவும் கூடாது. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். 'கருங்காலி' என்ற பட்டம் வந்தது, புளியந்தோப்புச் சேரிக் குடிசைகள் எரிந்தன. அவர்களை முதலில் சமமாகச் சேர்த்துக்கொண்டோமா என்று கேட்டவர்கள் சிலரே.

பழங்கதை என்று தள்ளாதீர்கள். என் கிளையில் கூட்டிப் பெருக்கும் அம்மா நம் தெருக்காரர், தினக்கூலி. அவரைச் சேர்க்கலாமே என்று சங்கக் கூட்டத்தில் கேட்டேன். "அவங்க பெர்மனென்ட் இல்லையே தோழர்" என்றார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அன்று உட்கார்ந்தது தவறு. அதைச் சொல்லாமல் நூலகருக்காகப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்பேன்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. சுற்றுவட்டார நூலகங்களுக்குப் போங்கள். யார் திறக்கிறார்கள், என்ன சம்பளம், கூட்டுகிறவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். எல்லோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரிடத்தில் உட்கார வையுங்கள். ஆலைச் சங்கத் தோழர்கள் இடமும் டீயும் கொடுங்கள். கூட்டுகிறவரும் அந்தக் கூட்டத்தில் நாற்காலியில்தான் உட்கார வேண்டும்.

அன்று வாசல்படியில் நின்ற எங்களை அக்கா உள்ளே கூப்பிட்டார். இன்று வெளியே நிற்பது அவர்.