பம்பாயின் ஃப்ளோரா சசூன்



1896-ஆம் ஆண்டு. மழைக்காலம் முடிகிற நேரம். பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் தலைகாட்டியது. தானியக் கிடங்குகளும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த இடம் அது. நோய் மளமளவென்று பரவியது. சில மாதங்களுக்குள் லட்சக்கணக்கான மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

அப்போது பம்பாய்க்கு வரவழைக்கப்பட்டவர் வால்டமார் ஹாஃப்கின். ஒடெஸாவில் பிறந்த யூத விஞ்ஞானி. காலரா தடுப்பூசியோடு 1893-இல் இந்தியா வந்தவர். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் இரவு பகலாக உழைத்துப் பிளேக் தடுப்பு மருந்தை உருவாக்கினார். 1897 ஜனவரி 10-ஆம் தேதி அதை முதலில் தன் உடம்பிலேயே செலுத்திப் பார்த்தார். மருந்து தயாராகிவிட்டது. போட்டுக்கொள்ளத்தான் ஆள் வரவில்லை. ஊசி என்றாலே ஊருக்குள் நூறு வதந்தி. இந்துக்களும் தயங்கினார்கள், முஸ்லிம்களும் தயங்கினார்கள்.

ஹாஃப்கினின் பணிக்குத் துணையாக நின்றவர்களில் ஒரு பெண்மணி உண்டு. கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகளின் தாய், பெரிய வணிக நிறுவனத்தின் தலைவி. “முதலில் எனக்குப் போடுங்கள்” என்கிற விதமாகத் தன் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டு, மற்றவர்களின் பயத்தைப் போக்கினார். அவர்தான் ஃப்ளோரா சசூன். வீட்டில் அழைத்த பெயர் ஃபர்ஹா.

சசூன் என்ற பெயரைக் கேட்டதும் பம்பாயை அறிந்தவர்களுக்குச் சசூன் டாக் மீன்துறை நினைவுக்கு வரும். புனேக்காரர்களுக்குச் சசூன் மருத்துவமனை. பாக்தாதில் ஆட்சியாளரின் கொடுமைக்குத் தப்பி, 1832-இல் பம்பாய் வந்து சேர்ந்த யூத வணிகர் டேவிட் சசூனின் வம்சம் அது. பஞ்சு, துணி, அபினி என்று சீனா வரை வியாபாரம். அபினியில் வந்த பணமும் அந்தச் செல்வத்தில் பெரும்பங்கு என்பதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. அதே குடும்பம், ஒவ்வொரு வியாபாரத்திலும் தர்மத்துக்கென்று ஒரு சிறு பங்கைத் தனியே எடுத்துக் கணக்கில் எழுதி வைத்தது. நம் வணிகர்கள் மகமை எடுத்து வைப்பார்களே, அதுபோல.

ஃப்ளோரா பிறந்ததும் பம்பாயில்தான், 1850-களின் பிற்பகுதியில். தாய்வழியில் டேவிட் சசூனின் கொள்ளுப்பேத்தி. பாக்தாதிலிருந்து வந்த ரப்பிகளிடம், அதாவது யூத மதகுருக்களிடம், வீட்டிலேயே பாடம் கேட்டார். எபிரேயம், அரமேயம், அரபு, இந்துஸ்தானி, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் அவருக்குத் தெரியும். யூத சமய நூலான தல்மூது ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே என்றிருந்த காலத்தில் அதையும் கற்றார். 1876-இல் டேவிட் சசூனின் மகன் சாலமனுக்கு வாழ்க்கைப்பட்டார்.

1894-இல் சாலமன் காலமானார். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள்: மூத்தவள் ரேச்சல், நடுவில் டேவிட், கடைசியாக மோசெல், சிறு வயதிலிருந்தே உடல்நலம் குன்றிய பெண். துக்கம் முடிந்த கையோடு ஃப்ளோரா அலுவலகத்துக்குப் போய்க் கணவரின் நாற்காலியில் உட்கார்ந்தார். சரக்கும் கப்பலும் ஆலையும் அவர் பொறுப்புக்கு வந்தன. 19-ஆம் நூற்றாண்டுப் பம்பாயில், ஐரோப்பிய வணிகர்களுக்கும் இந்திய வணிகர்களுக்கும் நடுவே ஒரு விதவை அப்படி உட்கார்ந்து முடிவெடுத்தது சாதாரணச் செய்தியல்ல. லண்டனில் இருந்த உறவினர்கள் அதை முழுமனதோடு ஏற்கவுமில்லை. 1901-இல் நிறுவனம் லிமிடெட் கம்பெனியாக மாற்றி அமைக்கப்பட்டது. அதே ஆண்டு ஃப்ளோரா பிள்ளைகளோடு லண்டனில் குடியேறினார். மோசெலின் சிகிச்சையும் அதற்கு ஒரு காரணம்.

லண்டனுக்குப் போனாலும் வீட்டின் ஒழுங்கு மாறவில்லை. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். யூத மரபில் இறைச்சி உண்ண வேண்டுமானால், அதற்கென்று பயிற்சி பெற்ற ஷோஹேத் என்பவர்தான் அறுக்க வேண்டும். அறுப்பதற்கு முன் கத்தியின் கூர்விளிம்பை விரல் நகத்தில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். மயிரிழை அளவு பிசிறு தட்டினாலும் அந்தக் கத்தி ஆகாது. இனி, கூட்டு வழிபாட்டுக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் இருந்தால், இறந்தவர்களுக்கான பிரார்த்தனையைக்கூடச் சொல்ல முடியாது. ஃப்ளோரா என்ன செய்தார் தெரியுமா? வெளியூர்ப் பயணம் என்றால் ஒரு ஷோஹேத்தையும், பத்து ஆண்களையும் தம்மோடே அழைத்துக்கொண்டு புறப்பட்டார். போகிற இடத்தில் வசதி இல்லை என்று வழிபாட்டைத் தள்ளிவைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

இதைப் பணக்கார வீட்டு ஆடம்பரம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமையலறையில் இத்தனை கண்டிப்பாக இருந்த அதே அம்மையார்தான், ஊரே அஞ்சிய புதிய மருந்துக்கு முன்வந்து கை நீட்டினார். பக்தி அவரைப் பயமுறுத்தி மூலையில் உட்கார வைக்கவில்லை. ஆசாரமான வீட்டுப் பெண்மணியே போட்டுக்கொண்டார் என்பதால்தான், ஊசியைப் பற்றித் தயங்கியவர்களுக்கு அந்தக் காட்சி ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

லண்டன் வீடு அறிஞர்களுக்கும் உதவி கேட்டு வருவோருக்கும் திறந்தே இருந்தது. 1924-இல் ரப்பிகளை உருவாக்கும் ஜூஸ் காலேஜ் தன் ஆண்டு விழாவுக்கு அவரைத் தலைமை தாங்க அழைத்தது. மறைநூல் கற்ற ஆண்கள் நிறைந்த சபையில் எழுந்து நின்று மறைநூலைப் பற்றியே உரையாற்றினார். 1930-இல், யூத மறைநூல் உரையாசிரியர் ராஷியைப் பற்றிக் கட்டுரை எழுதி வெளியிட்டார்.

பிள்ளைகளும் தாய் வழியிலேயே நடந்தார்கள். ரேச்சல் கல்கத்தாவின் எஸ்ரா குடும்பத்தில் மருமகளாகி அந்த ஊர் யூத சமூகத்துக்குத் துணையாக இருந்தார். மகன் டேவிட், சிறுவயதில் தன் காற்றாடியைக் கொடுத்து எபிரேய மறைநூலின் ரூத் ஆகமத்தின் அரிய அச்சுப் பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டார் என்று சொல்வார்கள். வளர்ந்தபின் அவர் திரட்டிய எபிரேயக் கையெழுத்துச் சுவடிகள் உலகப் புகழ் பெற்றன. 1932-இல் அவற்றுக்கு அட்டவணை வெளியிட்டபோது இரண்டு பெரிய தொகுதிகள் தேவைப்பட்டன. இளையவள் மோசெல் 1921-இல் இறந்தார். அந்தத் துயரத்தையும் சுமந்துகொண்டு ஃப்ளோரா 1936 வரை வாழ்ந்தார்.

சசூன் ஆண்கள் எழுப்பிய கட்டடங்கள் மும்பையிலும் புனேயிலும் இன்றும் நிற்கின்றன. அவர்கள் பெயரைச் சொல்ல அந்தக் கற்களே போதும். ஃப்ளோராவுக்காக நாம்தான் பேச வேண்டியிருக்கிறது. இந்த நாட்டில் கொள்ளைநோயை எதிர்த்து நின்றவர்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, ஹாஃப்கின் பெயரைச் சொல்லுங்கள். அதோடு ஃப்ளோரா சசூன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.