நோயுற்றோர் இல்லமும் நம் கடனும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் புற்றுநோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வியக்கக்கூடும். விழாக் குழுவினரே வியந்தனர். நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்று கணக்குச் சொல்லவே எங்களை அழைத்தனர். அக்கணக்கைச் செயலாளர் அறிக்கை செவ்வனே சொல்லிவிட்டது. அதில் இடம்பெறாத ஒரு கணக்கைச் சொல்லவே நாங்கள் நிற்கிறோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி திடீரென நின்றுவிட்டாள். இருமுறை கடிதம் அனுப்பினோம். விடை வரவில்லை. "திருமண ஏற்பாடாக இருக்கும்" என்று ஆசிரியர் அறையில் அமர்ந்தபடியே முடிவு கட்டினோம். இடைநின்றோர் பட்டியலில் அவள் பெயரையும் சேர்த்தோம். அவ்வீடு பள்ளியிலிருந்து பத்து நிமிட நடைதான். நாங்கள் நடக்கவில்லை.

அவள் தாய்க்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் என்பதைப் பின்னரே அறிந்தோம். இந்நோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை என்பது ஒருநாள் வேலையன்று. வாரத்திற்கு ஐந்து நாட்கள் வீதம் ஐந்தாறு வாரங்கள் தொடர்ந்து செல்லவேண்டும். நடுவே நின்றுவிட்டால் பலன் குறையும். மருத்துவம் இலவசம் என்பது உண்மை. பேருந்துக் கட்டணமும், உடன் செல்பவரின் அன்றைய கூலியும், வீட்டிலுள்ள சிறுவர்களுக்குச் சோறும் இலவசமல்ல. தந்தை கட்டட வேலைக்குச் செல்லாவிடின் அடுப்பு எரியாது. ஆகவே அப்பதினான்கு வயதுச் சிறுமி தாயின் கைப்பிடித்து மருத்துவமனைக்குச் சென்றாள். திரும்பி வந்து தம்பிகளுக்கு உலை வைத்தாள்.

இதைவிடக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையை எதிர்த்து நின்றவர்கள் நாம். அதற்காக அடிபட்டவர்கள் இந்த அவையிலும் அமர்ந்திருக்கிறீர்கள். அதே நம் தெருவில், அந்தத் தாய்க்கு உறவினர் வீட்டில் தனிக் குவளை வைத்தார்கள். குழாயடியில் அவர் குடம் தொட்ட இடத்தைக் கழுவிவிட்டுப் பிறகே பிறர் தண்ணீர் பிடித்தார்கள். புற்றுநோய் தொடுவதால் பரவாது. ஒரே குவளையில் குடிப்பதால் பரவாது. அருகில் உறங்குவதால் பரவாது. இதைப் பாடம் நடத்தும் நாங்களும் அத்தெருவில் வந்து சொல்லவில்லை. அந்த அம்மையார் பதினொரு மாதத்தில் காலமானார். மகள் பின்னர் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதித் தேறினாள். தாய் அதைக் காணவில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பிறப்பின் காரணமாக ஏளனத்தையும் அறிந்தவர். அத்துயரை முப்பது ஆண்டுகள் மறவாது, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அன்று அங்கிருந்தவை 12 படுக்கைகள். அங்குப் பணியில் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அவ்வளாகத்தையே தம் இல்லமாகக் கொண்டிருந்தார். மருத்துவர் செய்யவேண்டியதை அவர்கள் செய்தார்கள். தெரு செய்யவேண்டியது வேறு.

அதற்கும் வழிகாட்டி உண்டு. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புப் பணி, பின்னர் மலப்புரம் மாவட்டத்தில் ஊர்மக்களின் கைக்கே வந்தது. ஆசிரியர், கடைக்காரர், மாணவர் எனப் பலரும் பயிற்சி பெற்று, படுத்த படுக்கையாய் இருப்போரை வீடுதேடிச் சென்று பார்த்தனர். அரிசி கொடுத்தனர், பிள்ளைகளின் படிப்பையும் கவனித்தனர். 2008இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கையே வகுத்தது. நம் மாநிலத்திலும் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சை அளிக்க வழியுண்டு. கடும் வலிக்கு மருத்துவர் அளவிட்டுத் தரும் மார்பின் மாத்திரையைப் 'போதை மருந்து' என்று எண்ணி ஒளித்து வைப்போர் உண்டு. நோயாளி வலியில் துடிக்க அவசியமில்லை.

நாங்கள் கேட்பது பெருந்தொகை அன்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திற்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ளதென்ற சான்றும் குடும்ப அட்டையும் வேண்டும். கையெழுத்துக்கு அலைய ஓர் ஆள் வேண்டும். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்குரிய படிவத்தில் மருத்துவரின் ஒப்பம் பெறவேண்டும். படித்த நம் இளைஞர்கள் அரைநாள் ஒதுக்கினால் முடியும் காரியங்கள் இவை. முப்பது வயதைக் கடந்த பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கின்றனர். தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்தக்கூடிய நோய் இது. தாய்மார்கள் வெட்கத்தை விட்டு, இருவர் மூவராகச் சேர்ந்து செல்லுங்கள்.

சங்க விதியில் 'கல்விக்கு மட்டும்' என்று எழுதியிருப்பதாகப் பொருளாளர் நினைவூட்டினார். விதியை எழுதியவர்களுள் நாங்களும் ஒருவர். அதன் எழுத்தை மறுக்கவில்லை. ஆயின் தாய் படுத்தால் முதலில் பள்ளியை விடுவது மகள்தான் என்பதை அன்று நாங்கள் அறிந்திருக்கவில்லை. நோயாளியின் பேருந்துக் கட்டணத்தையும் கல்விச் செலவாகவே எழுதலாம் என்பது எங்கள் கருத்து. பொதுக்குழு முடிவு செய்யட்டும். கடிந்து கொண்டாலும் ஏற்போம்.

அதுவரை காத்திருக்க இயலாத ஒன்று உள்ளது. கீழத்தெருப் பெரியவர் ஒருவர் வருகின்ற திங்கட்கிழமை முதல் கதிர்வீச்சுக்குச் செல்கிறார். அவர் பேத்தி ஏழாம் வகுப்பு. இம்முறை அவ்வீட்டிற்கு நடந்து சென்று வந்துவிட்டோம். காலை ஆறு மணிப் பேருந்தில் அவருடன் செல்ல, நாளுக்கு ஒருவராக ஐந்து பேர் வேண்டும். திங்களும் வியாழனும் நிரம்பிவிட்டன. கூட்டம் கலைந்ததும் மேடையின் இடப்பக்கத்தில் குறிப்பேட்டுடன் அமர்ந்திருப்போம். மற்ற மூன்று நாட்களுக்குப் பெயர் கொடுங்கள்.